ரோகிணிக்குக் கிழக்கே பத்து விரல்

செப்டம்பர் 4

என் அருமைத் தம்பி மொட்டைக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் உன் மனைவி, அந்த டைம் கீப்பர் அம்மாவும் சுகந்தானே? போன கடிதத்தில் தலைவலி என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. டாக்டரிடம் போனாயா, இல்லை போனதாகச் சொல்லி என் காதில் பூச்சுற்றப் போகிறாயா?

இங்கே கோளரங்கத்தில் வழக்கம்போல என்னைத் தவிர எல்லாரும் திருடர்கள். பல்சக்கரங்களுக்குப் போடுகிற எண்ணெய் டப்பா வாராவாரம் லேசாகிக்கொண்டே வருகிறது. டிக்கெட் கிழிக்கிறவருடைய சைக்கிள் சங்கிலி இப்போதெல்லாம் சத்தமே போடுவதில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுக்கூடத்தில் சுற்றுகிற கிரக மாதிரியை இந்த மாதம் முழுசாகக் கழற்றிப் பூட்டினேன். நடுவில் சூரியன் விளக்கு, அதைச் சுற்றி எட்டுக் கிரகங்களும் எட்டு இரும்புக் கைகளில். உள்வட்டத்துக் கைகள் வேகமாக ஓடும், வெளியே போகப் போக மந்தம். செவ்வாய் ஒரு சுற்று முடிப்பதற்குள் நம் பூமி கிட்டத்தட்ட இரண்டு சுற்றுப் போய்விடும். அந்தச் செவ்வாயின் கைதான் கீச்சிட்டு என் உயிரை வாங்குகிறது.

நம் சட்டத்தை மறந்துவிடாதே. நான் வேலைக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய வருடம் நீ எழுதிய முதல் கடிதம் முழுக்கக் கரடி. வகுப்பில் முதல் மாணவனாம், காய்ச்சலே வரவில்லையாம். அன்றைக்குப் போட்ட சட்டம் இது: மேலே என்ன வேண்டுமானாலும் அளந்துவிடு, கடைசி வரி மட்டும் உன் கண்ணால் பார்த்த ஒரு கிரகமாக இருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்து, எந்த நட்சத்திரத்திலிருந்து எத்தனை விரல் தள்ளி என்று எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் நாம் இருவரும் இதில் மட்டும் பொய் சொன்னதில்லை.

இந்தத் தடவை நம் ஆள் செவ்வாய். விடியற்காலை ஐந்து மணிக்கு உச்சியில் சிவப்பாக இரண்டு புள்ளி தெரியும். மின்னுவது ரோகிணி, மின்னாமல் முறைப்பது செவ்வாய். இன்று ரோகிணிக்கு வடக்கே இரண்டு விரல்.

உன் அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நானும் மனைவியும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். லேத்தில் கடைசல் வேலை செய்யும்போது இரும்புச் சுருள் விரலைக் கிழித்துவிட்டது. சிறிய காயம்தான். கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள்.

டாக்டரைப் பார்த்தாயிற்று. தலைவலி இப்போது இல்லை. மனைவிக்கு அடுத்த வாரத்திலிருந்து பஸ் டிப்போவில் காலையும் மாலையும் இரண்டு டூட்டி. ஆள் பற்றாக்குறை என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

எண்ணெய் டப்பா விஷயம் படித்தேன். உங்களுக்குச் சந்தேகம் வராத ஒரே ஆள் சூரியன்தான், அதுவும் அது தினமும் நேரத்துக்கு வந்துவிடுவதால். டிக்கெட்காரரை விட்டுவிடுங்கள், பாவம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். செவ்வாய் இன்று ரோகிணிக்குக் கிழக்கே மூன்று விரல்.

தம்பி


அக்டோபர் 3

மொட்டைக்கு,

நான் சுகம். நீ சுகமா என்பதைத்தான் தெரிந்துகொள்ள முடியவில்லை.

முதலில் ஒன்று சொல். யார் இந்த 'நீங்கள்'? பல் முளைத்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டு, ஒரு தடவை கோபத்தில் 'போடி' என்றுகூடச் சொல்லி அடி வாங்கியவன் நீ. திடீரென்று எனக்கு மரியாதை கூடிவிட்டதா? கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததைப் படித்துவிட்டேனோ என்று முகவரியைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கிறது. அது கடிதமா, பஸ் கால அட்டவணையா?

எந்த விரல்? எந்தக் கை? எத்தனை தையல்? இதில் ஒன்றையுமே நீ எழுதவில்லை. முன்பு ஒரு கொப்புளம் வந்தால் இரண்டு பக்கம் எழுதுவாய். டாக்டர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. எனக்கு மூக்கு வேர்க்கிறது தம்பி, அது உனக்குத் தெரியும்.

உன் மனைவியைக் குறை சொல்லவில்லை. அவள் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டைப் பிரித்த அன்றே உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு. கோணல்மாணலாக இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும். நேரில் வந்து பார்க்கலாமென்றால் வருடக் கடைசிவரை விடுப்பு கிடையாது என்று எங்கள் மேலாளர் கையை விரித்துவிட்டார். அவர்மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது, அது வேறு கதை.

செவ்வாய் ரோகிணிக்குக் கிழக்கே ஐந்து விரல்.

அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே விடாத மழை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

விரல் ஆறிவிட்டது. ஆனால் விறைப்பு இருப்பதால் பேனா பிடிக்க வரவில்லை. அதனால் இந்தக் கடிதமும் மனைவி கையால்தான்.

நீங்கள் டிப்போவுக்குப் போன் செய்ததை மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை என்னை டிப்போவுக்கு வந்து பேசச் சொன்னீர்களாம். பட்டறையில் அவசர வேலை வந்துவிட்டதால் வர முடியவில்லை. வீணாகக் காத்திருக்க வைத்துவிட்டேன். போனில் அவள் சரியாகப் பேசவில்லை என்று நினைக்க வேண்டாம். வண்டி கிளம்புகிற நேரத்தில் அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, என்னிடம்கூட.

வேலை அதிகம் செய்யாதீர்கள். செவ்வாய் ரோகிணிக்குக் கிழக்கே பத்து விரல்.

தம்பி


நவம்பர் 17

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா பரம சௌக்கியம். முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. உன் கடிதம் கிடைத்து மனம் நிறைந்துவிட்டது. விரல் ஆறியது பெரிய ஆறுதல். அவசரமில்லை, மெதுவாகப் பேனா பிடி. அதுவரை உன் மனைவி எழுதட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை.

பட்டறையில் வேலை நெருக்குகிறது என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லையா? உடம்பைக் கவனித்துக்கொள். உங்கள் மேஸ்திரி உதிரிபாகம் வாங்க இந்த ஊருக்கு வந்தவர், போகிற வழியில் என்னையும் பார்த்துவிட்டுப் போனார். டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

பத்து விரல் என்று சரியாகச் சொன்னாய். இங்கேயும் அதேதான். இப்படியே போனால் இந்த மாதக் கடைசியில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களை எட்டிவிடுவான் என்று நினைக்கிறேன். பார்த்து எழுது, ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன் அக்கா


நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கு சுகமென்று உங்கள் கடிதத்தில் அறிந்து மகிழ்ச்சி. மழை விட்டுவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மேஸ்திரி உங்களைப் பார்த்ததில் சந்தோஷம். நல்ல மனிதர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். உங்கள் கண்ணுக்கும் எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னது அப்படியேதான் அக்கா. செவ்வாய் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், இரண்டு விரல்.

தம்பி


டிசம்பர் 6

இந்தக் கடிதத்தை நீ மட்டும் பிரித்து நீ மட்டும் படி.

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ எங்கே இருக்கிறாய்? என்ன ஆயிற்று உனக்கு?

போன கடிதத்தில் நான் எழுதியது பச்சைப் பொய். சட்டத்தை முதல் தடவையாக வேண்டுமென்றே மீறினேன். செவ்வாய் புனர்பூசத்துப் பக்கமே போகவில்லை. அக்டோபர் கடைசியில் ரோகிணிக்குக் கிழக்கே ஏழு விரலில் நின்றுவிட்டான். அங்கிருந்து திரும்பி, மேற்கே, ரோகிணியைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறான். இன்று மூன்று விரல்தான். ஜோசியக்காரர்கள் வக்கிரம் என்று சொல்வது இதைத்தான். உனக்கு இதை எழுதுவதே கேவலமாக இருக்கிறது. ஒன்பது வயதில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நீ என்னைச் சுற்றி ஓடி ஓடி இதைச் செய்து காட்டியவன் நீ. நாம் உள்வட்டத்தில் வேகம், அவன் வெளிவட்டத்தில் நிதானம். நாம் அவனைத் தாண்டிப் போகிற சில வாரங்களில் அவன் பின்னால் போகிற மாதிரி நமக்குத் தெரிகிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து, நம் வண்டி முந்துகிற வண்டியைப் பார்த்தால் அது பின்வாங்குகிற மாதிரி தெரியுமே, அதேதான். அவன் பாட்டுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

இது தெரியாத ஒருத்திதான் பத்து விரல் என்று எழுதியிருக்கிறாள். வாரத்துக்கு இத்தனை விரல் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொண்டு, அதையே நீட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அட்டவணைப்படி வண்டி அனுப்புகிறவளுக்குக் கிரகமும் அட்டவணைப்படி போகும் என்று நினைப்பு. நான் வைத்த பொறியில் 'அப்படியேதான்' என்று வந்து விழுந்தாள். அந்த வரி நீ சொன்னதாக இருக்கவே முடியாது. நீயாக இருந்தால் 'உனக்கு மூளை கழன்றுவிட்டதா' என்று எழுதியிருப்பாய்.

மேஸ்திரியிடம் நான் சும்மா பேசவில்லை, வாயைக் கிளறினேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நீ பட்டறைக்கே வரவில்லையாம். உன் மனைவி வந்து உன் சாமான்களை எடுத்துப் போனாளாம். காரணம் கேட்டதற்கு 'அவர் சொல்லச் சொன்னா சொல்றேன்' என்றாளாம். அப்படியானால் லேத் கிழித்த விரல் எது? ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை எது? டிப்போ போனில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'நல்லா இருக்கார் அண்ணி' என்ற ஒரே பதிலைத்தான் சொன்னாள், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள் மாதிரி.

அவளை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. உன் சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ வந்தாயா, சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதை எல்லாம் கவனித்திருக்கிறேன். வண்டி நேரத்துக்கு வந்ததா என்று பார்க்கிற அதே பார்வை. தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் யார் யார் வீட்டிலோ வளர்ந்தவளுக்குப் பாசம் எங்கிருந்து வரும்? அவள் உன்னை அடைத்துவைத்திருக்கிறாளா, உனக்குத் தெரியாமல் உன் பெயரில் எழுதுகிறாளா, இல்லை நீ அந்த வீட்டிலேயே இல்லையா? மூன்றில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் பயங்கரமாக என்னென்னவோ தோன்றுகிறது.

உன் கையெழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் வேலை போனாலும் பரவாயில்லை, மாதக் கடைசியில் ஆட்களோடு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அந்த வீட்டில் உன்னை ஒரு நாள்கூட விடமாட்டேன்.

அக்கா


டிசம்பர் 22

அக்கா,

நான்தான், மொட்டை. உயிரோடு இருக்கிறேன், வீட்டில்தான் இருக்கிறேன், யாரும் அடைத்துவைக்கவில்லை. நீ கேட்டபடி என் கையெழுத்து. காகிதத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. கோணல்மாணலாக இருந்தாலும் சரி என்று நீதானே சொன்னாய்.

எனக்குக் கண் போய்விட்டது அக்கா.

வலது கண் ஏற்கெனவே மங்கலாகத்தான் இருந்தது. இடது கண்ணை வைத்தே லேத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தலைவலி என்று எழுதினேனே, அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறியதால் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் இடது கண்ணும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். போனது வராது. இப்போது பகல் எது, விளக்கு எது என்று தெரியும், அவ்வளவுதான். விரலில் வெட்டு என்பது நான் சொன்ன பொய். ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதும் நான் சொன்னது. பட்டறையில் காரணம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். அவள் என்னிடம் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டாள். 'அண்ணிக்குச் சொல்லாம இருக்குறது பாவம், நான் எழுதுறேன்' என்றாள். எழுதினால் இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தேன். என் அடம் உனக்குத் தெரியும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் வேலையே வானத்தைக் காட்டுவது. உன்னிடம் போய் எனக்கு வானம் இல்லாமல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பாய். வந்ததும் முதலில் அவளைச் சமையலறையிலிருந்து விரட்டியிருப்பாய். அதற்கும் பயந்தேன்.

'நீங்கள்' விஷயம் கேட்டாய். நான் நீ என்றுதான் சொல்வேன். அவள் நீங்கள் என்று எழுதுவாள். 'என் கையால அண்ணிய நீன்னு எழுத வராது' என்பாள். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கு வருகிறேன். முதல் வரி இல்லாமல் கடிதம் போகலாம், கடைசி வரி இல்லாமல் போக முடியாது என்றேன். 'நான் பாத்து சொல்றேன்' என்றாள். செப்டம்பரில் இரண்டு தடவை நிஜமாகவே மாடிக்குப் போய்க் கையை நீட்டி அளந்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் இரண்டு டூட்டி எடுத்துக்கொண்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் அவள் டிப்போ விளக்குக்கு அடியில் நிற்கிறாள், வானத்தை எப்படிப் பார்ப்பாள்? பத்து விரல் என்று அவள் சொன்னபோதே பார்க்காமல் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் அவன் நிற்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அவளிடம் 'நீ பார்க்கவில்லை' என்று சொல்ல மனம் வரவில்லை. என் துணியைத் துவைத்து, எனக்குச் சொட்டு மருந்து போட்டு, இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு வருகிறவளிடம் போய்க் கிரகம் எங்கே என்று எப்படி அக்கா சண்டை போடுவது?

உன் பொறியும் எனக்குப் புரிந்தது. புனர்பூசம் என்று அவள் வாசித்ததும் சிரித்துவிட்டேன். 'அப்படியேதான்னு எழுது' என்றேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது, நிம்மதியாகவும் இருந்தது. என் வாயால் சொல்ல முடியாததை அந்தத் தப்பான வரி சொல்லிவிடட்டும் என்று விட்டுவிட்டேன். நீ அவள்மேல் பாய்வாய் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்த மடத்தனத்துக்கு இப்போது என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ மட்டும் படி என்று எழுதியிருந்தாய். எனக்கு வரும் கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று நினைத்தாய்?

அவள்தான் வாசித்தாள் அக்கா. மேல்வரியைப் பார்த்துவிட்டு, 'உங்கள மட்டும் படிக்கச் சொல்லியிருக்காங்க' என்றாள். நான்தான் வாசி என்றேன். முழுவதையும் வாசித்தாள். தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் என்ற இடம் வந்ததும் 'நிறுத்து, போதும்' என்றேன். அவள் நிறுத்தவில்லை. 'அண்ணி எழுதுனத நான் பாதியில விட்டா, நாளைக்கு நான் படிக்கிற எதையும் நீங்க நம்ப முடியாது' என்று சொல்லிவிட்டு, உன் கையெழுத்துவரை வாசித்து முடித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாலை டூட்டிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடுகிறேன். கடைசி வரி இல்லை. என்னால் முடியாது.

மொட்டை


டிசம்பர் 28

தம்பி,

உன் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். வேலையிடத்தில், சூரியன் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். டிக்கெட் கிழிக்கிறவர் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். உனக்குக் கண் போன அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லையே என்ற துக்கம் எனக்கு எந்த நாளும் ஆறாது. மறைத்ததற்காக உன்மேல் கோபமும் இருக்கிறது, நேரில் வந்து காதைத் திருகுவேன். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். சுவரைத் தொட்டுத் தொட்டு வீட்டுக்குள்ளாவது தினமும் நட. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் மனம் கெட்டுவிடும்.

செவ்வாய் இப்போது ரோகிணிக்கு வடக்கே நான்கு விரல். இனிமேல் நம் இருவருக்கும் சேர்த்து நான் பார்த்து எழுதுகிறேன்.

இனி வருவது உனக்கு இல்லை, வாசிக்கிறவளுக்கு. இதையும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும் என்று அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா, உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் டைம் கீப்பர் என்று கேலியாகச் சொல்லியிருக்கிறேன், அவள் என்று எழுதியிருக்கிறேன். உன்னை உன்னாகக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ இப்படித்தான், உன் மனசு இப்படித்தான் என்று தீர்ப்பு எழுதினேன்.

அந்த வரியை எழுதியபோது என் பேனா தயங்கவில்லை. எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துக்கூடப் பார்த்தேன். நானும் தாயில்லாமல் வளர்ந்தவள்தான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. உன் கணவனுக்குத் தலை வாரிவிட்டு, அவன் மொட்டைத் தலைக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தவள் நான், எனக்குப் பாசம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன். உன்னிடம் அதைக் கேட்டுவிட்டேன். உன் வாயாலேயே உன்னை வாசிக்க வைத்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

எனக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. அங்கே வரலாமா என்று உன்னைக் கேட்கிறேன். இதுவரை நான் எந்த வீட்டுக்கும் கேட்டுக்கொண்டு போனதில்லை. நீ வர வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன், உன்மேல் வருத்தமும் படமாட்டேன். என் தம்பியை உன் கையில் விட்டுவிட்டு இங்கேயே இருந்துகொள்கிறேன். அது நல்ல கை என்று இப்போது எனக்குத் தெரியும்.

உங்கள் இருவருக்கும் அக்கா


ஜனவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. அவர் நலமாக இருக்கிறார். தெருமுனை வரைக்கும் தனியாக நடந்து போய் வருகிறார், திரும்பி வரும்போது இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். அங்கே காபி நன்றாக இருக்கிறது என்று வேண்டுமென்றே போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பட்டறையில், தொட்டுப் பார்த்து அளவு பிரிக்கிற வேலை ஏதாவது கொடுக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

செவ்வாய் விஷயத்தில் நான் செய்தது தப்பு. வண்டி அந்த ரூட்டில் நேராகத்தான் போகும் என்று நினைத்துவிட்டேன், திரும்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் அதை ஒத்துக்கொண்டேன். தனக்கு முன்னாலேயே தெரியும் என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

உங்கள் டிசம்பர் கடிதத்தில் இருந்த அந்த வரி எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். டூட்டிக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொய் சொல்ல எனக்கு வராது, கிரகத்தில் சொன்னது ஒன்றுதான். ஆனாலும் நீங்கள் வாருங்கள். என்றைக்கு, எந்த வண்டி என்று எழுதினால் ஸ்டேஷனில் நான் இருப்பேன். சமையலறையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். போன கடிதத்தை அவருக்கு வாசித்தபோது, 'இனி வருவது வாசிக்கிறவளுக்கு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் 'அவ்வளவுதானா?' என்று கேட்டார். 'அவ்வளவுதான்' என்று சொல்லி மடித்துவிட்டேன். நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லியிருந்தீர்கள், என்னால் முடியவில்லை. அதற்கு முந்தைய கடிதம் அவருக்கு எழுதியது, அதனால் ஒரு எழுத்து விடாமல் அவருக்கு வாசித்தேன். இது எனக்கு எழுதியது. எனக்கென்று இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை, அண்ணி.

உங்கள் தம்பி மனைவி